ஆற்றுக்கு மேலே மழையா? ஜிஎஸ்மேப்பைப் பார்க்கலாம்

ஜப்பான் விண்வெளி முகமை ஜாக்ஸா இலவசமாகத் தரும் மழை வரைபடம் ஜிஎஸ்மேப். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் எனக்கு மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு மழைமானியும் வைத்திருக்கிறேன். ஊரே கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போது நான் இதைப் பார்ப்பேன். வீட்டில் கிண்டல் உண்டு.

படத்தை நம் பக்கம் இழுத்துப் பெரிதாக்கினால், மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று நிறத்தில் தெரியும். பாலாற்றுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆறு பிறப்பது கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம். ஆந்திரத்தின் குப்பம் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. 2021 நவம்பரில் பாலாறு புரண்டு ஓடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆற்றுக்கு மேலே எங்கே மழை பிடித்திருக்கிறது என்பதை இந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். பழைய தேதிகளுக்கும் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் அந்த மில்லிமீட்டரை என் மானியோடு ஒப்பிட மாட்டேன். படத்தில் ஒரு கட்டம் 0.1 டிகிரி, அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டருக்கு 11. கோடை இடிமழை ஊரின் ஒரு பக்கம் கொட்டிவிட்டு மறுபக்கம் புழுதி பறக்க விடும். கட்டம் காட்டுவது எல்லாம் கலந்த சராசரி.

இதற்கு முன் போனில் வேறொரு செயலி இருந்தது, பெயர் வேண்டாம். மேகத்தின் உச்சிக் குளிரை அகச்சிவப்பில் பார்த்தே மழை சொல்லும் வகை என்று என் சந்தேகம். இடிமேகம் பெய்து ஓய்ந்த பிறகும் அதன் தலை குடை மாதிரி விரிந்து கிடக்கும். உச்சி நல்ல குளிர், கீழே ஒரு சொட்டு இருக்காது. செயலியோ சிவப்பாகவே நிற்கும். காயப்போட்ட மல்லாட்டையை ஆள் வைத்து அள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினோம். அப்புறம் பார்த்தால் வெயில்!

ஜிஎஸ்மேப் முதலில் நம்புவது மைக்ரோவேவ் என்னும் நுண்ணலைக் கதிரை. மேகத்துக்குள் இருக்கும் மழைத்துளியும் பனித்துகளும் அதை மாற்றுவதைத் தாழப் பறக்கும் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. அவை எப்போதும் நம் தலைக்கு மேல் நிற்பதில்லை. இடைப்பட்ட நேரத்தை, அகச்சிவப்புப் படத்தில் மேகம் நகரும் போக்கை வைத்து நிரப்புகிறார்கள். பனித்துகளே இல்லாத தாழ்ந்த மேகம் மலைச்சரிவில் பெய்தால், இந்த முறையிலும் அளவு குறைய வாய்ப்புண்டு. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

உடனடிப் படம் ஒன்று, சுமார் 4 மணி நேரம் கழித்து வருவது ஒன்று. பின்னதில் அளவீடுகள் கூடுதல்; கணக்குக்கு அதைத்தான் எடுப்பேன். ஏரி வரத்து, ஆற்று வரத்து பார்ப்பவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் மருந்து அடிக்கலாமா என்று கேட்டு இதைத் திறக்காதீர்கள். அதற்கு வானிலைத் துறையின் சென்னை ரேடார் படம்தான் சரி.