9,400 ரூபாய் போச்சு: பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நேத்து ராத்திரி பத்து மணிக்குத்தான் விஷயம் முழுசா தெரிஞ்சது. தூக்கமே இல்லை. விடிஞ்சதும் உட்கார்ந்து போன்லயே இதை டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் மதுரையில வீட்ல இருந்தே டிடிபி வேலை பார்க்கிறேன், அதாவது அச்சுக்குக் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பக்கம் அமைச்சுக் கொடுக்கிறது. ரெண்டு பிரஸ்ஸுக்கும் நாலஞ்சு ஸ்கூலுக்கும் கொஸ்டின் பேப்பர், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ். இந்த வேலைக்கு இன்னும் பேஜ்மேக்கர்ங்கிற பழைய சாஃப்ட்வேரும் பழைய தமிழ் ஃபான்ட்டும்தான். பிரஸ்காரங்க அதுலதான் ஃபைல் கேப்பாங்க. அதனாலதான் 2015-ல வாங்கின கம்ப்யூட்டரை இத்தனை வருஷமா மாத்தாம வெச்சிருந்தேன். அதோட மூளையான பிராசசர் இன்டெல் ஐ5 4460, நாலாவது ஜெனரேஷன். பில் இன்னும் பீரோவுல இருக்கு. அந்த பில் இருந்ததாலதான் திருட்டே தெரிய வந்தது.

போன மாசம் ஒருநாள் காலையில ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. உள்ளேர்ந்து பீப், பீப்னு விட்டு விட்டு சத்தம். ஏற்கெனவே 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிறுத்திட்டாங்க, மாத்தலாமா வேண்டாமான்னு யோசனையில இருந்தேன். ஒரு கடையில புதுசுக்குக் கேட்டேன், 32,000 சொன்னாங்க. சரி, எதுக்கும் காட்டிப் பாப்போம்னு எங்க ஏரியாவுலயே இருக்கிற ஒரு சர்வீஸ் கடைக்கு ஆட்டோவுல தூக்கிட்டுப் போனேன். சேல்ஸ் அண்ட் சர்வீஸ்னு போர்டு, ஒரு ஓனர், ரெண்டு பசங்க. பேரைச் சொல்லப் போறதில்லை.

நான் ஏன் நம்பினேன்னு சொல்லணும், ஏன்னா நீங்களும் அங்கதான் விழுவீங்க. சிபியூ பெட்டியை என் கண்ணு முன்னாடியே திறந்தாரு. புளோயர் வெச்சு தூசியை ஊதினாரு. எனக்கு ஒரு டீ சொன்னாரு. "புதுசு வாங்கிறலாமா தம்பி?"ன்னு நான்தான் கேட்டேன். அதுக்கு அவர், "எதுக்குக்கா 32,000-த்தைக் கொண்டுபோய்க் கொட்டுறீங்க? அந்தக் காலத்து மெஷின், நல்லா உழைக்கும். உள்ளே இருக்கிற மதர்போர்டுதான் போயிருச்சு. மாத்திட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்"னாரு. கடை வெச்சிருக்கிறவரே புதுசு வாங்காதீங்கன்னு சொல்றாரே, இவரு நேர்மையான ஆளுன்னு நினைச்சேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் 9,400 ரூபாய் கொடுத்தேன்.

பீப் சத்தத்தைப் பத்தியும் சொன்னேன். "போர்டு சாகப் போற சத்தம்க்கா அது"ன்னாரு. எனக்கென்ன தெரியும்?

வெள்ளைப் பேப்பர்ல கணக்கு எழுதிக் கொடுத்தாரு. மதர்போர்டு (எல்லா பாகத்தையும் மாட்டுற பலகை) 4,800, ராம் (ஓடும்போது பயன்படுற மெமரி) 1,600, எஸ்எஸ்டி (ஃபைல் சேமிக்கிற டிஸ்க்) 2,200, சர்வீஸ் 800. மொத்தம் 9,400. பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி ஏறும்க்கா, உங்களுக்குத்தான் வீண் செலவு"ன்னாரு. 1,692 ரூபாய் மிச்சம்னு நானும் தலையாட்டிட்டேன். 5,000 யுபிஐல போட்டேன், மீதி 4,400 கையில கொடுத்தேன். கையில கொடுத்ததுக்கு எந்த அத்தாட்சியும் இல்லை.

மூணு நாள்ல வந்துச்சு. விண்டோஸ் 11 போட்டிருந்தாங்க. நான் கேக்கவே இல்லை. "புது போர்டுக்கா, 11 சப்போர்ட் பண்ணும்"னாங்க. மூலையில ஆக்டிவேட் விண்டோஸ்னு, அதாவது லைசென்ஸ் போடலைன்னு, எழுத்து நின்னுக்கிட்டே இருந்தது. ஒரு பக்கம் திறக்கவே முன்னைவிட நேரம் எடுத்துச்சு. பதினோராவது நாள், பத்தாம் வகுப்பு கணக்கு பேப்பர் அடிச்சிட்டிருக்கும்போது அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா டிஸ்க்கே இல்லைங்குது. அந்தப் பேப்பரை ராத்திரி முழுக்க பக்கத்து வீட்டு லேப்டாப்ல உட்கார்ந்து திரும்ப அடிச்சேன்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. முதல் தடவை போனப்ப "புது செட்டிங்குக்கா, ரெண்டு நாள் ஓட்டினா செட் ஆயிரும்"னாங்க. ரெண்டாவது தடவை ஓனர் திருப்பதி போயிருக்காராம். மூணாவது தடவை வாட்ஸ்அப்ல போட்டேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. நாலாவது தடவை நேர்ல போனா, எங்க வீட்ல வோல்டேஜ் சரியில்லையாம், யுபிஎஸ் மாத்தணுமாம், அவங்ககிட்டயே இருக்காம்! கடைசியா முந்தாநாள் போனேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்த அதே ஆளு தலையை நிமிர்த்தாமலே, "வாரண்டின்னா பில் காட்டுங்க மேடம்"னாரு. அக்கா மேடம் ஆயிட்டேன். ஜிஎஸ்டி ஏறும்னு பில் வேண்டாம்னு சொன்னது அவரு, இப்ப அதே பில்லைக் கேக்குறாரு. கடையில நின்ன ரெண்டு பேரு என்னைப் பார்த்த பார்வையை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

நேத்து நாத்தனார் மகன் கோயம்புத்தூர்ல இருந்து வந்தான். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலையிலதான் இருக்கான். அவன் கொண்டு வந்த பென்டிரைவ்ல இருந்து ஆன் பண்ணான். முதல்ல பிராசசர் பேரைப் பார்த்தான். "அத்தை, உங்களது ஐ5-னு சொன்னீங்க, இது ஐ3 2120. 2011-ல வந்தது"ன்னான். பீரோவுல இருந்து பில்லை எடுத்துக் காட்டினேன். அவனுக்கே முகம் மாறிப்போச்சு.

அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மாட்டியிருக்கிற போர்டு ஹெச்61-ங்கிற மாடல். அதுல ரெண்டாவது, மூணாவது ஜெனரேஷன் பிராசசர்தான் உட்காரும். என்னோட நாலாவது ஜெனரேஷன் பிராசசருக்கு சாக்கெட்டே, அதாவது அது உட்கார்ற இடமே, வேற. அப்ப என்ன பண்ணியிருக்காங்கன்னா, என் போர்டோட பிராசசரையும் சேர்த்துக் கழட்டி எடுத்துக்கிட்டு, அதைவிடப் பழசை உள்ளே வெச்சுட்டாங்க. எடுத்துக்கிட்டதுக்கு என்கிட்டயே காசும் வாங்கியிருக்காங்க. விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும், டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு வசதியும் வேணும். சப்போர்ட் பண்ணும்னு சொன்னது சுத்தப் பொய். புதுசுன்னு 2,200 வாங்கின எஸ்எஸ்டி நாலஞ்சு தடவை முயற்சி பண்ணதுல ஒரு தடவை உயிர் வந்துச்சு. அப்ப அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பார்த்தான். 21,000 மணி நேரத்துக்கு மேல. ரெண்டு வருஷத்துக்கு மேல ராத்திரி பகலா எங்கேயோ ஓடின சரக்கு அது.

எல்லாத்தையும்விட என்னை அழ வெச்சது அந்த பீப் சத்தம்தான். "சத்தம் வந்துச்சுன்னா போர்டும் பிராசசரும் உயிரோடதான் இருந்திருக்கு அத்தை. பெரும்பாலும் ராம் சரியா ஒட்டாம இருந்திருக்கும். ராமைக் கழட்டி ரப்பரால துடைச்சு மாட்டிப் பாத்திருக்கணும்"னான். பென்சில் அழிக்கிற ரப்பர்! அதுக்கு என்கிட்ட 9,400 ரூபாய். ஒரு பக்கம் அடிச்சா எனக்கு 40 ரூபாய். 235 பக்கம் அடிச்ச காசு அது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அன்னைக்கே சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருந்தேன். பத்து வருஷ ஃபைலும் பொண்ணு சடங்கு போட்டோவும் அதுல பத்திரமா இருக்கு.

ரிப்பேர் பண்றதா புதுசு வாங்குறதான்னு எப்படி முடிவு எடுக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப மனசு நிக்கல, தோணுறதை மட்டும் சொல்றேன். கொடுக்கிறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து உள்ளே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பிராசசர் பேரு, ராம் எவ்வளவுன்னு எழுதி அதுல கடைக்காரர் கையெழுத்தை வாங்குங்க. கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்காம காசு கொடுக்காதீங்க. ஜிஎஸ்டி போனாப் போகுது, பில் வாங்குங்க. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வீட்லயே வெச்சிட்டுப் போங்க. பீப் சத்தம் வந்தாலும் வராட்டியும், போர்டு போச்சுன்னு யார் சொன்னாலும் இன்னொரு இடத்துல காட்டுங்க.

யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், அந்த வெள்ளைப் பேப்பர், 2015 பில் எல்லாத்தையும் அவன் போட்டோ எடுத்து வெச்சிருக்கான். இன்னைக்கு 1915-க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் கொடுக்கப் போறேன். அங்க முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது. எனக்கு அந்த 9,400-ம் வேணும், என் ஐ5-ம் வேணும். திங்கட்கிழமைக்குள்ள பன்னெண்டாம் வகுப்பு வேதியியல் பேப்பர் கொடுக்கணும், பக்கத்து வீட்ல மறுபடியும் லேப்டாப் கேக்கப் போறேன்.