எனர்ஜி வேலைக்கு மூணு வாசல்: ஐஎஃப்எஸ்ஸா, பாலிசியா, கன்சல்டிங்கா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் காலேஜ் முடிச்ச பசங்க நெறைய பேர் கேக்குற கேள்வி இது. எனர்ஜி டிப்ளமசின்னா, அதாவது எண்ணெய், கேஸ், கரண்ட்டுக்காக நாடுகள் பேசுற பேரம்னா, ஏதோ டெல்லி சமாச்சாரம்னு நெனைக்கிறாங்க, ஆனா நம்ம குந்தா நீர்மின் திட்டமே கொழும்புத் திட்டம்ங்கிற வெளிநாட்டு உதவித் திட்டத்துல கனடா குடுத்த உதவியில வந்ததுதான், அதனால நமக்கு ரொம்ப தூரமான விஷயம்லாம் இல்ல.

மொதல்ல ஐஎஃப்எஸ், அதாவது வெளியுறவுப் பணி. கெத்து இதுக்குத்தான், வீட்லயும் இதத்தான் கேப்பாங்க. பிரச்சனை என்னன்னா எனர்ஜி வேலைதான் வேணும்னு நீங்க கேட்டு வாங்க முடியாது. மூணு வருஷம் ஒரு நாடு, அடுத்து எங்கயோ ஒரு டெஸ்க், பாஸ்போர்ட்டு, விசான்னு கூட போகலாம். கெடச்சா ஜாக்பாட்தான். தல்மிஸ் அகமது 1974 பேட்ச், சவுதி, ஓமன், எமிரேட்ஸ்ல அம்பாசடரா இருந்தவர், நடுவுல 2004-06ல பெட்ரோலிய மினிஸ்ட்ரி, ரிட்டயர் ஆனப்புறம் துபாய்ல கார்ப்பரேட் வேலை. ஜெய்சங்கர் அமெரிக்காகூட நடந்த அணுசக்தி ஒப்பந்தப் பேச்சுல இருந்தவர், வெளியுறவு செயலரா ரிட்டயர் ஆகி 2018ல டாடா சன்ஸ் போனார், மறுவருஷமே மந்திரி. ஆனா இவங்கள காட்டி உங்க லைஃப பிளான் பண்ணாதீங்க, எத்தன பேருக்கு அப்படி அமையும்?

கன்சல்டிங் நேர் எதிர். சம்பளம் மொத நாள்ல இருந்தே நல்லா இருக்கும், ஐஎஃப்எஸ் ஆரம்ப பேசிக் 56,100தான். வேலையும் கொட்டுது: பசுமை மின்சாரத்த வெளிய இருந்து நேரா வாங்கிக்கலாம்ங்கிற 2022 கிரீன் ஓப்பன் ஆக்சஸ் ரூல்ல, அதுக்கான கொறஞ்சபட்ச லிமிட்ட 1 மெகாவாட்ல இருந்து 100 கிலோவாட்டா கொறச்சாங்க, ஐரோப்பாக்காரன் எறக்குமதி ஸ்டீல், அலுமினியத்துக்கு கார்பன் வரி போடுறான், கம்பெனிங்க எல்லாம் யாராவது சொல்லிக்குடுங்கன்னு நிக்கிறாங்க. ஆனா இருபத்திரண்டு வயசுல உள்ள போனா பவர்பாயிண்ட்ல நல்லா தேறிடுவீங்க, ஒரு டேரிஃப் (கரண்ட் ரேட்) எப்படி பொறக்குதுன்னு தெரியாமயே நாலு வருஷம் ஓடிடும். அங்க இருந்து கவர்மென்ட் பக்கம் திரும்புறதும் கஷ்டம். வெளியாளுங்கள நேரா கவர்மென்ட் பதவியில எடுக்குற லேட்டரல் என்ட்ரினு ஒண்ணு இருக்கு, 2024 ஆகஸ்ட்ல 45 போஸ்ட்டுக்கு விளம்பரம் போட்டு சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. கவர்மென்ட்ல இருந்து எதிர்ப்பக்கம் போற பெரிய ஆபீசருங்களுக்கு ரிட்டயர் ஆன ஒரு வருஷத்துக்குள்ள கம்பெனில சேர பெர்மிஷன் வேணும், அவ்ளோதான்.

என் ஓட்டு நடுவுல இருக்குற பாலிசிக்குத்தான். கரண்ட் ரேட்ட முடிவு பண்ற மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மினிஸ்ட்ரில கான்ட்ராக்ட் வேலை, இல்லனா டெல்லி சிஇஇடபிள்யூ, புனே பிரயாஸ் மாதிரி ஆராய்ச்சி அமைப்புங்க. சம்பளம் சுமார், ஊர்ல சொன்னா யாருக்கும் புரியாது, மாப்ள என்ன வேலன்னு கேட்டா முழிக்கணும். ஆனா கையில வர்ற சரக்கு மத்த ரெண்டு வாசலையும் தொறக்கும். நம்ம குந்தா பம்ப்டு ஸ்டோரேஜையே எடுங்க, 500 மெகாவாட், மேல போர்த்திமந்து, கீழ அவலாஞ்சி-எமரால்டு. பகல்ல சோலார் கரண்ட் மிச்சமா இருக்குறப்ப தண்ணிய மேல ஏத்தி, சாயங்காலம் டிமாண்ட் வர்றப்ப எறக்குறது. டெக்னிக்கலா புது விஷயம் இல்ல, ஆனா ஏத்துற கரண்டுக்கு என்ன ரேட், எறக்குறதுக்கு என்ன ரேட், நஷ்டம் யார் தலையில, இத எழுதத் தெரிஞ்சவங்க ரொம்ப கொஞ்சம் பேர்தான்.

டிப்ளமசிலயும் இதே கதைதான். கத்தார்கூட நம்ம பெட்ரோநெட் கம்பெனி 1999ல போட்ட எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) ஒப்பந்தம், வருஷத்துக்கு 75 லட்சம் டன். எண்ணெய் வெல விழுந்ததும் 2015 கடைசில விலை ஃபார்முலாவ மாத்தினாங்க, 2024ல 2048 வரைக்கும் நீட்டினாங்க. அந்த மாதிரி டேபிள்ல கைகுலுக்குறது யாரா வேணா இருக்கட்டும், ஃபார்முலாவ படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் பக்கத்துல உக்காந்தே ஆகணும், அவன் எந்த வாசல்ல வந்தான்னு யாரும் கேக்கப்போறதில்ல.

யுபிஎஸ்சி ஆசை இருந்தா விடவேணாம், ஜெனரலுக்கு 32, ஓபிசிக்கு 35 வயசு வரைக்கும் டைம் இருக்கு, பாலிசி வேலையில இருந்துட்டே எழுதலாம் (லீவு குடுக்குற பாஸ் கெடச்சா). இப்போதைக்கு ஆணையத்தோட டேரிஃப் ஆர்டர் ஒண்ண டவுன்லோடு பண்ணி உங்க ஊர் டீ ஃபேக்டரி பில்லோட வெச்சு படிங்க. 2022ல ரேட் ஏத்துறப்ப கோயம்புத்தூர்லயே பப்ளிக் ஹியரிங் வெச்சாங்க, மேட்டுப்பாளையம் எறங்கினா ஒரு பஸ்ஸு, யாரும் தடுக்க மாட்டாங்க. அடுத்தது அறிவிச்சா போய் உக்காருங்க.