பிறவி வால்வுக் குறை உள்ளவருக்கு அடைப்புப் பரிசோதனை: சி.டி. ஆஞ்சியோவா, கதீட்டர் ஆஞ்சியோவா?

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் அண்ணனுக்கு, 51 வயதில், மேட்டுத் தோட்டத்துக்கு ஏறும்போது மூச்சு முட்டியது. எக்கோ எடுத்ததில், பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிறவியிலிருந்தே இரண்டுதான் என்பதும், அவற்றில் சுண்ணாம்பு படிந்து வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டது என்பதும் தெரிந்தன. வால்வை மாற்றுமுன் இதயத்துக்கே ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்பு அடைப்பு உண்டா என்று பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த இரண்டு வழிகளும்.

"வால்வு கோளாறுக்காரனுக்கு அடைப்பு வராதாம்டே" என்று டீக்கடையில் கேட்டதை அண்ணன் வந்து சொன்னார். அதில் பாதி உண்மை உண்டு. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இருக்கும் இந்தக் குறையோடு அறுவைக்கு வருகிறவர்களிடம், மூன்று இதழ் வால்வு சுருங்கி வருகிறவர்களைவிட அடைப்பு குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் அதற்கு முக்கியக் காரணம், அவர்கள் பத்து இருபது ஆண்டுகள் முன்னதாகவே, அடைப்பு முற்றும் வயதுக்கு முன்பே, அறுவை மேசைக்கு வந்துவிடுவதுதான். வால்வு யாருக்கும் காவல் நிற்பதில்லை. நெஞ்சு வலியை வைத்தும் தீர்மானிக்க முடியாது, ஏனெனில் கடுமையான வால்வுச் சுருக்கம் மட்டுமே, குழாய்கள் சுத்தமாக இருந்தாலும், அதே வலியைத் தரும். ஆகவே 40 வயது கடந்த ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்தப் பரிசோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது.

சி.டி. ஆஞ்சியோவில் கை நரம்பில் சாய மருந்து ஏற்றி, மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60, 65க்குள் இருந்தால்தான் படம் தெளியும். துடிப்பைக் குறைக்கத் தரும் மாத்திரையையும், குழாய்களை விரிக்க நாக்கின் அடியில் வைக்கும் மருந்தையும் வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்குக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், எக்கோ அறிக்கையை அங்குள்ளவர்களிடம் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. அடைப்பு இல்லை என்று சி.டி. சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். இருக்கிறது என்று சொன்னால் அவ்வளவு நம்ப முடியாது, காரணம் சுண்ணாம்புப் படிவு படத்தில் ஊதித் தெரிந்து, சிறிய அடைப்பையும் பெரிதாகக் காட்டிவிடும்.

என்னைப் பொறுத்தவரை சி.டி.யின் பெரிய லாபம் வேறு. இரு இதழ்க்காரர்களில் பலருக்கு வால்வுக்கு மேலே பெருந்தமனியும் விரிகிறது, அது 4.5 சென்டிமீட்டரைத் தொட்டிருந்தால் வால்வோடு சேர்த்து அந்தப் பகுதியையும் மாற்றலாமா என்று அறுவை மருத்துவர் யோசிப்பார். அந்த அளவும் இதே படத்திலேயே கிடைத்துவிடுகிறது. அண்ணனுக்கு 4.2 இருந்தது.

கதீட்டர் ஆஞ்சியோ மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நேரடியாகப் பார்ப்பது. அடைப்பின் அளவை அறுதியிட்டுச் சொல்வதில் இதற்கு நிகர் இல்லை. "அங்கேயே ஸ்டென்டும் வைத்துவிடலாம்" என்பது இதன் சிறப்பாகச் சொல்லப்படும். எப்படியும் நெஞ்சைத் திறக்கப்போகிறவருக்குப் பைபாஸும் அப்போதே செய்துவிடலாம் என்பதால், அந்தச் சிறப்பு இங்கே அவ்வளவு எடுபடுவதில்லை. பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்தவர்களுக்குக் கதீட்டரின் நுனி இதயக் குழாயின் திறப்பில் போய்ப் பொருந்தவும் சற்றுச் சிரமப்படலாம். ரத்தக்கசிவு, பக்கவாதம் ஆகிய ஆபத்துகள் அரிதானவை, ஆனாலும் இல்லாதவை அல்ல.

சர்க்கரை நோயாளி, புகைப்பவர், அறுபதைத் தாண்டியவர் என்றால் நான் நேரே கதீட்டரையே தேர்வேன். சி.டி.யில் சுண்ணாம்பு நிறைந்து தெளிவில்லாமல் போய், பிறகு கதீட்டரும் செய்ய நேர்ந்தால், சிறுநீரகம் இரண்டு முறை சாயத்தைத் தாங்க வேண்டிவரும். அண்ணனுக்குச் சர்க்கரை இல்லை, பீடியை விட்டுப் பல வருடமாகிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சரியாக இருந்தது. அதனால் சி.டி.யே போதும் என்று முடிவானது. திருவனந்தபுரத்துக்கு இரண்டாம் கருத்துக்குப் போகிறவர்கள் அறிக்கைத் தாளோடு படம் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தாளை மட்டும் கொண்டுபோய் நாங்கள் ஒரு நாளை வீணாக்கினோம்.

அண்ணனுக்கு சி.டி.யில் தெரிந்தது ஒரே ஒரு குழாயில், பாதிக்கும் குறைவான படிவு. அதற்காக, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதினார்கள், வால்வுக்காக அல்ல. வால்வுச் சுருக்கத்தை அந்த மாத்திரை தாமதப்படுத்தவில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உடன்பிறந்தவர்களும் எக்கோ எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மூன்று இதழ்களும் இருக்கின்றன. தங்கை இன்னும் நாள் கடத்திக்கொண்டிருக்கிறாள்.