‘கையால் காய்ச்சிய’ விளக்கெண்ணெய் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இன்ஸ்டாகிராமில் வீடியோ பார்த்துவிட்டுத் தலைக்கும் முகத்துக்கும் விளக்கெண்ணெய் ஆர்டர் போடுகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு வந்த பாட்டிலில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டாவது இருந்ததா என்பதே சந்தேகம். 250 மில்லி 480 ரூபாய், கொரியர் செலவு தனி. காசு போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் கண்றாவியை என் மகள் தலையில் தேய்த்துக்கொண்டாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

விற்ற பக்கத்தின் பெயரைப் போடவில்லை. அவர்கள் அடிக்கடி பெயரை மாற்றிக்கொள்கிறார்கள், அதனால் பெயர் தெரிந்தும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. சரக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

மகளுக்குப் போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. கடும் காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் இப்படி நடப்பது வழக்கம்தான், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் காலேஜ் போகிற பெண்ணிடம் ஆறு மாதம் பொறு என்றால் நடக்குமா? சரி, தேய்க்கிற எண்ணெயாவது நல்லதாக இருக்கட்டும் என்றுதான் வாங்கினோம்.

எண்ணெய் விற்கிறவர்களுக்குப் பெரிய வசதியே இந்த ஆறு மாதக் கணக்குதான். முடி கொட்டுகிற சமயத்தில் வாங்குகிறோம், நாலைந்து மாதம் தேய்க்கிறோம், முடி அதன் பாட்டுக்கு வளர்கிறது, பெயர் எண்ணெய்க்குப் போகிறது. கமெண்டில் ‘எனக்கு நல்லா வளர்ந்துச்சு சிஸ்டர்’ என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். விளக்கெண்ணெய் புது முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் கிடையாது. முடி மேல் பூச்சாக நின்று வறட்சியைக் குறைக்கும், முறிவதைக் குறைக்கும், குதிகால் வெடிப்பில் தேய்த்தால் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். அது போதாதா? என்னைக் கேட்டால் போதும்.

பாட்டில் வந்த நேரம் ராசிபுரத்திலிருந்து அத்தை வந்திருந்தார், என் மாமியார். அந்தப் பக்கமெல்லாம் ஆமணக்கு விளைகிற பூமி. பக்கத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அத்தை கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, வாங்கி வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சியவர். முழங்கால் வலி வந்த பிறகுதான் நிறுத்தினார். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டார். எண்ணெய் விரலிடுக்கில் சரசரவென்று இறங்கி மணிக்கட்டுக்கு ஓடியது.

“என்ன கண்ணு இது, தண்ணியாட்டம் ஓடுது? கொட்டமுத்து எண்ணெய்னா கைல ஊத்துனா நகரவே யோசிக்கும்.”

அப்புறம் முகர்ந்து பார்த்துவிட்டு, “சோப்புக் கடை வாசம் அடிக்குது” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மகள் அதற்குள் முந்தின ராத்திரியே தேய்த்துவிட்டிருந்தாள்.

அத்தை அன்றைக்குச் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியம். லேபிளில் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று ஒரு பக்கம், ‘மண்பானையில் காய்ச்சியது’ என்று இன்னொரு பக்கம் போட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு முறை. செக்கில் ஆட்டினால் விதையைக் காயவைத்து அப்படியே நசுக்கி எண்ணெயைப் பிழிந்து எடுப்பார்கள். காய்ச்சுவதென்றால் கொட்டமுத்தை இரும்புச் சட்டியில் தோல் வெடிக்கிற பதத்துக்கு வறுத்து, உரலில் போட்டு விழுதாக இடித்து, நிறையத் தண்ணீரில் கரைத்து மணிக்கணக்கில் கொதிக்க விட வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்து வேறு பாத்திரத்தில் சேர்த்து, திரும்பவும் அடுப்பில் வைத்தால் ஒட்டியிருக்கும் தண்ணீர் சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் அடங்கினால்தான் எண்ணெய் பதம். இப்படிக் காய்ச்சியதில் லேசான புகை வாசம் இருக்கும், நிறமும் தேன் போலக் கொஞ்சம் கருத்திருக்கும். செக்கில் ஆட்டியது வெளிர் மஞ்சளாக இருக்கும். ஒரே பாட்டில் இரண்டு முறையிலும் வந்தது என்று எழுதுகிறவன் வாழ்நாளில் ஒரு கொட்டமுத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவன் இல்லை.

விலைக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆமணக்கு விதையில் எடைக்குக் கிட்டத்தட்டப் பாதிதான் எண்ணெய். கடைசிச் சொட்டு வரை எடுத்தாலும் ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோ விதை வேண்டும், வீட்டில் காய்ச்சினால் அதற்கும் மேலே. எனவே அடிமாட்டு விலைக்கு ‘இன்று மட்டும் ஆஃபர்’ போடுகிறவர்களைச் சந்தேகப்படலாம். ஆனால் விலை அதிகம் என்பதால் சுத்தம் என்றும் ஆகிவிடாது. எங்களிடம் வாங்கிய விலை ஊர்ச் செக்கு விலையைவிடப் பல மடங்கு.

இனி நான் எப்படி உறுதி செய்தேன் என்று சொல்கிறேன். சமையலறைத் தராசு ஒன்றும் சின்ன பாட்டில் ஒன்றும் போதும். பாட்டிலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்த அளவுக்குச் சரியாக 100 கிராம் தண்ணீர் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை எண்ணெய் ஊற்றி எடை போடுங்கள். பாட்டில் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். நல்ல விளக்கெண்ணெய் 96 கிராமை ஒட்டி வரும், வீட்டில் வழக்கமாகப் புழங்குகிற எண்ணெய்களில் அதுதான் கனமானது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய், பாமாயில் எல்லாம் 91, 92 வாக்கில் நிற்கும். எங்கள் பாட்டில் 87-ஐத் தாண்டவில்லை. எந்தச் சமையல் எண்ணெயைக் கலந்தாலும் அவ்வளவு கீழே இறங்காது. பெட்ரோலியத்திலிருந்து வருகிற மினரல் ஆயில், அதாவது லிக்விட் பாரஃபின் வகை இருந்தால்தான் இறங்கும்.

எதிர்வீட்டு ஆசிரியர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறார். அவர் பள்ளி ஆய்வகத்தில் இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். விளக்கெண்ணெய் ஆல்கஹாலில் கரையும், மற்றச் சமையல் எண்ணெய்களும் மினரல் ஆயிலும் அப்படிக் கரையாது. அதற்குக் காரணம் இந்த எண்ணெயில் நூற்றுக்கு 85, 90 பங்கு இருக்கிற ரிசினோலிக் அமிலம், அது வேறு எந்தச் சமையல் எண்ணெயிலும் இந்த அளவுக்குக் கிடையாது. இரண்டு சோதனைக் குழாயில் தண்ணீர் கலக்காத எத்தனால் எடுத்து, ஒன்றில் ராசிபுரம் செக்கு எண்ணெய், இன்னொன்றில் எங்கள் 480 ரூபாய் எண்ணெய் விட்டுக் குலுக்கினார். முதல் குழாய் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. இரண்டாவது பால் மாதிரி கலங்கி, கொஞ்ச நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் சானிடைசர் ஊற்றிச் செய்து பார்க்காதீர்கள், அதில் தண்ணீர் இருக்கிறது, நல்ல எண்ணெய்கூடக் கரையாது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சுத்தம் செய்த லிக்விட் பாரஃபின் தோலில் படக் கூடாத பொருள் இல்லை, குழந்தைகளுக்குப் பூசுகிற பேபி ஆயிலே பெரும்பாலும் அதுதான். ஆனால் இந்தப் பாட்டிலில் இருந்தது எந்தத் தரத்து எண்ணெய், என்ன வாசனைப் பொருள் கலந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? மகளுக்கு நெற்றி ஓரத்திலும் பின்கழுத்திலும் சிவந்து, அரிப்போடு பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. தோல் டாக்டர் பார்த்த உடனே வாசனைப் பொருளைத்தான் சந்தேகப்பட்டார். களிம்பு, மாத்திரை, கன்சல்டிங் ஃபீஸ் என்று எண்ணெய் விலையைப் போல இரண்டு மடங்கு போனது. எந்தப் புது எண்ணெயாக இருந்தாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள் என்றார் அவர். நல்ல விளக்கெண்ணெய்கூடச் சிலருக்கு ஒவ்வாது.

இந்த எண்ணெயை விற்கிற வீடியோவில் ‘ராத்திரி தலை நிறைய ஊற்றிக் காலையில் வெந்நீரில் தேய்த்துக் குளிங்கள்’ என்று ஒரு அறிவுரை வேறு. சுத்தமான விளக்கெண்ணெய் பிசின் போலக் கெட்டி. 2017-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம் இது: தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து தலைக்குத் தேய்த்துக் குளித்த 20 வயதுப் பெண்ணுக்கு நீளமான முடி முழுவதும் பறவைக்கூடு போல இறுகிக்கொண்டது. பிரிக்கவே முடியாமல் கடைசியில் வெட்ட வேண்டியதாகிவிட்டது. அபூர்வமாக நடப்பதுதான். ஆனாலும் நீளமுடிக்காரர்கள் தேங்காயெண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து வேர்க்காலில் மட்டும் தொட்டு வைத்தால் போதும். அத்தையும் அப்படித்தான் செய்வார்.

இன்னும் மோசம், ‘உள்ளுக்கும் ஒரு ஸ்பூன் சாப்பிடலாம், குடல் சுத்தமாகும், கைக்குழந்தைக்கு மூக்கில் இரண்டு சொட்டு விடலாம்’ என்றும் அந்த வீடியோவில் வருகிற பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பாட்டிலில் இருப்பது மினரல் ஆயில்! குழந்தையின் மூக்கில் எந்த எண்ணெய் விட்டாலும் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வர வாய்ப்புண்டு, குழந்தை டாக்டர்கள் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்வது இது. நிஜ விளக்கெண்ணெயே பேதி மருந்து, கர்ப்பிணிகளுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும். இதில் கலப்படம் வேறென்றால் கேட்கவே வேண்டாம்.

புகார் சொன்னதும் நடந்தது தனிக் கூத்து. முதலில், ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், உடம்பில் உள்ள நச்சு வெளியே வருகிறது, தொடர்ந்து தேயுங்கள் என்று குரல் மெசேஜ். தோல் டாக்டர் சீட்டை அனுப்பினேன். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா, இல்லாவிட்டால் பணம் திரும்பத் தர முடியாது என்றார்கள். எடையையும் ஆல்கஹால் சோதனை வீடியோவையும் அனுப்பிய பிறகுதான் அசல் பதில் வந்தது: “பாட்டில் பின்னாடி படிக்கலையா மேடம்? தீபம் ஏற்ற மட்டும்னுதான் போட்டிருக்கோம்.”

போய்ப் பார்த்தேன். சணல் கயிற்று முடிச்சுக்குக் கீழே, கடுகளவு எழுத்தில் போட்டிருந்தது நிஜம்தான். தலைக்கு என்று வீடியோவில் விற்பது, தீபத்துக்கு என்று லேபிளில் தப்பிப்பது. தலைக்கோ தோலுக்கோ விற்கிற எண்ணெய்க்கு அழகுசாதன உரிம எண் வேண்டும், தயாரித்தவர் பெயர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி எல்லாம் போட வேண்டும் என்பது 2020-இல் வந்த அழகுசாதன விதிகள். சித்த மருந்தாக விற்றால் அதற்குத் தனி உரிமம். தீப எண்ணெய் என்று போட்டுவிட்டால் அந்த உரிமம் எதுவும் வேண்டியதில்லை. ‘வழுக்கையில் முடி முளைக்கும்’ என்று மருந்து விற்பதற்கும் 1945 மருந்து விதிகளின் ஜே அட்டவணையிலேயே தடை உண்டு. அதையெல்லாம் அவர்கள் சட்டை செய்வதில்லை. கமெண்டில் நான் இதைக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். ஆன்லைனில் விற்கிறவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதி சொல்கிறது. அது நடக்கவில்லை. 1915 வழியாகப் போனபிறகு 480 ரூபாய் மட்டும் யுபிஐயில் வந்தது. கொரியர் காசும் டாக்டர் காசும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வீட்டுக்காரரும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம், எண்ணெயில் மீதியைக் கொட்டாமல் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

இதைப் படித்துவிட்டு, வீட்டிலேயே காய்ச்சிவிடலாமே என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாமல் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் ஊரில் ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு எருவாகப் போடுகிறார்கள். குழந்தைகளும் நாயும் இருக்கிற வீட்டில் விதையையும் சக்கையையும் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அரைத்த மிக்சி ஜாரில் சட்னி அரைக்காதீர்கள். அந்த விதைத் தூசியே சிலருக்கு மூச்சுத் திணறல் கொடுக்கும். முடிந்தால் தெரிந்த செக்கில் போய் கண்ணெதிரே ஆட்டி வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, அந்த வீடியோவின் ஸ்கிரீன்ஷாட், பேசிய சாட் எல்லாவற்றையும் அவர்கள் பிளாக் செய்வதற்கு முன்பே சேமித்துக்கொள்ளுங்கள். பார்சல் மேல் ஒட்டிய தாளையும் கிழித்து எறிய வேண்டாம். அனுப்பியவர் முகவரி எங்களுக்கு அதில் மட்டும்தான் கிடைத்தது.