லாரி மோதினால்: கையில் இரண்டரை லட்சமா, இரண்டு வருட எம்.சி.ஓ.பி.யா?

2023 மார்ச்சில் ஒரு டிப்பர் லாரி இண்டிகேட்டர் போடாமல் இடப்பக்கம் ஒடித்தது. பக்கவாட்டில் பைக்கில் போய்க்கொண்டிருந்தவன் நான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பிளேட்டும் ஆறு ஸ்குரூவும் வைத்தார்கள். தொழில் ஏசி மெக்கானிக்.

நாலாவது வாரம், கால் இன்னும் தலையணை மேல் இருக்கும்போதே இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து ஒருவர் வந்தார். "கோர்ட்டு, வாய்தான்னு எதுக்கு சார் அலையணும்? யார் மேல தப்புன்னுகூடப் பார்க்க மாட்டோம். இரண்டரை லட்சம், உங்க அக்கவுண்ட்ல வந்துடும்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது. மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இதற்கு எதிரே நிற்பது 166-வது பிரிவு. மோட்டார் விபத்து கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு, லாரி டிரைவரின் கவனக்குறைவைக் காட்டி, இழந்ததை எல்லாம் கணக்குப் போட்டுக் கேட்பது. தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. என்றால் இதுதான். 164 மாதிரி இதில் முன்கூட்டியே நிர்ணயித்த தொகை கிடையாது. லோக் அதாலத்தை, அதாவது இரு தரப்பும் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தை, தனி வழி என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது 166 வழக்கு போகும் பாதையில் நடுவில் இறங்கிக்கொள்கிற ஒரு ஸ்டேஷன்தான். டிரைவர் மேல் போலீஸ் போடும் கிரிமினல் கேஸ் வேறு சமாச்சாரம். அதை நம்பி ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாது.

வேகம், அலைச்சல், நிம்மதி என்று பார்த்தால் 164 ஜெயிக்கும். இதில் பேச ஒன்றும் இல்லை.

நான் 166 பக்கம் போனதற்கு ஒரே காரணம் என் முழங்கால். நாலாவது வாரத்தில் அது எவ்வளவு மடங்கும் என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முதல் ஆபரேஷன் பில்லே 1.9 லட்சம். மிச்சம் 60 ஆயிரத்தில் என்னென்ன அடங்கும் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. பதினான்கு மாதம் கழித்து பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன், அதற்கே 70 ஆயிரம் ஆனது. இதில் முக்கியமான முடிச்சு ஒன்று இருக்கிறது. 149-வது பிரிவின் நடைமுறைப்படி 164 தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. இதை வாங்கிக்கொண்டு அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. வந்தவர் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்.

எதற்கு இந்த முழங்கால் புராணம் என்றால், காய வழக்குகளில் பெரிய பணம் நிற்பது ஆஸ்பத்திரி பில்லில் இல்லை, 'எதிர்கால வருமான இழப்பு' என்ற ஒற்றைத் தலைப்பில். 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது: டாக்டர் தரும் ஊன சதவீதம் ஒன்று, அந்த ஊனம் அவருடைய பிழைப்பில் எவ்வளவைத் தின்கிறது என்பது வேறொன்று. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதே கை போன அரசு அலுவலக குமாஸ்தாவுக்கு வேலை அப்படியே இருக்கலாம்.

கணக்கு இப்படிப் போகும். மாத வருமானம் என்னுடையதைப் போல 18,000, வயது 36 என்று வையுங்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயதுவரை பெருக்கி எண் 15. பிழைப்பில் ஏற்பட்ட இழப்பு 30 சதவீதம் என்றால் 18,000 × 12 × 15 × 30% = 9,72,000. நாற்பது வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு, பின்னால் கூடியிருக்கக்கூடிய வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்த்தால் 13,60,800. மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம், வலி வேதனை எல்லாம் இதற்கு மேல். அந்த 30 சதவீதம் 10 ஆனால் பதிமூன்றரை லட்சம் நாலரை லட்சமாகச் சுருங்கும். ஆகவே முழு வழக்கும் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, ஊன சதவீதம் எழுதித் தரும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு பார்த்த பிறகுதான் அந்த எண்ணே பிறக்கும்.

இன்னொரு சிக்கல், எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிய பில்கள், வாடிக்கையாளர்கள் ஜிபே-யில் போட்ட பணம் தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட், இவைதான் அந்த 18,000-ஐக் காப்பாற்றின.

166-இன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். தவறு லாரியுடையது என்று நாம்தான் காட்ட வேண்டும். 'நீயும் பார்த்து வந்திருக்கலாமே' என்று எதிர்த்தரப்பு ஒரு பங்கை நம் தலையில் கட்டப் பார்க்கும். என்னைக் காப்பாற்றியது, விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்ச். மோதிய இடம் சாலையின் இடது ஓரம், மண்தரைக்கு ஓரடி தள்ளி என்று அதில் குறித்திருந்தார்கள். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி), மோட்டார் வாகன ஆய்வாளரின் எம்.வி.ஐ. ரிப்போர்ட், இவற்றோடு அந்தப் படத்தையும் முதல் வாரத்திலேயே வீட்டாரை விட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கெடுவும் சட்டப்படி ஆறு மாதம்தான். நான் ஐந்தாவது மாதம் போட்டேன். அவ்வளவு தாமதம் தேவையே இல்லை. மனுவை முதலில் போட்டுவிட்டு, பிறகு முழங்காலுக்காகக் காத்திருக்கலாம். விபத்து நடந்த ஊரில் மட்டும்தான் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டி 'வர்றதுல இத்தனை சதவீதம்' என்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர் நடத்தை விதிகளுக்கே விரோதம்.

லோக் அதாலத்துக்கு எங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவை போர்டு சர்டிபிகேட் வருவதற்கு முன். நாலு லட்சம் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது; கடைக்காரர் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் வக்கீல் காதோரம், "தம்பி, முட்டி வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நாம திறக்கக் கூடாது" என்றார். எழுந்து வந்துவிட்டோம். இரண்டாவது தடவை, 2025-ல், 35 சதவீதம் என்று போர்டு எழுதிய தாள் மேஜைமேல் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "மாடிப்படி ஏறுவீங்கல்ல?"

"ஏறுவேன் சார். தோள்ல அவுட்டோர் யூனிட்டோட ஏற முடியாது."

எதிரில் உட்கார்ந்திருந்த நீதிபதி பேனாவை எடுத்தார். எல்லாம் சேர்த்து 15.5 லட்சத்துக்கு முடிந்தது. தீர்ப்பு வரை போயிருந்தால் கூடியிருக்கலாம். ஆனால் தீர்ப்புக்கு மேல் 173-வது பிரிவில் உயர் நீதிமன்ற அப்பீல் உண்டு, லோக் அதாலத் முடிவுக்கு அப்பீல் இல்லை. அந்த நிம்மதிக்காக இரண்டு மூன்று லட்சம் விட்டேன் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அதே மேஜை, அதே இன்சூரன்ஸ். நடுவில் வந்தது ஒரு சர்டிபிகேட் மட்டும்.

164 யாருக்குப் பொருந்தும்? ஒழுங்காக விளக்குப் போட்டு ஓரமாக நிறுத்தியிருந்த லாரியில் நாமே போய் மோதியிருந்தால், யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம். சுத்தமாகக் கூடிவிடும் ஒற்றை எலும்பு முறிவு, வேலையும் நாற்காலி வேலை என்றாலும் அதுவே சரியாக இருக்கலாம். இந்த இரண்டாவதை நான் பட்டுச் சொல்லவில்லை, கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

லாரி நிற்காமல் போய் நம்பரே தெரியவில்லை என்றால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 161-வது பிரிவில் பலத்த காயத்துக்கு 50 ஆயிரம், மரணத்துக்கு 2 லட்சம், அவ்வளவுதான். லாரியிலேயே வேலை பார்த்த கிளீனருக்கோ டிரைவருக்கோ அப்போது 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் திறந்திருந்தது; 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இருக்கிறது. ஆனால் அதிலும் இதிலுமாக இரண்டு பக்கமும் கேட்க 167-வது பிரிவு விடாது, ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். என்னோடு அதே வார்டில் கிடந்த ஒரு கிளீனர்ப் பையன் முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் அந்தப் பணியாளர் சட்டத்தைப் பிடித்தான். அவனுக்கு மோதியது அவன் லாரியேதான். யார் மேல் தப்பு என்று அவன் யாரிடம் போய் நிரூபிப்பான்?