நெஞ்சுக்குள்ள டால்க் போடுறோம்னு சொன்னா எந்த டால்க்னு கேளுங்க

இன்னும் ஆத்திரம் அடங்கல, அதோடதான் எழுதுறேன். கேன்சரால அப்பாவுக்கு நுரையீரலைச் சுத்தி நீர் கோத்துக்கிட்டே இருந்துச்சு, எடுக்க எடுக்க திரும்ப சேரும். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரில ப்ளூரோடெசிஸ் பண்ணிடலாம்னாங்க, ட்யூப் வழியா டால்க் விட்டா நுரையீரலும் நெஞ்சுச் சுவரும் ஒட்டிக்கும், நீர் சேர இடமே இருக்காதாம். டாக்டர் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு "வெறும் பவுடர்தாம்மா, பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்"னார். அந்த ஒரு வார்த்தைய நம்பி மூணு லட்சம் கட்டினோம்.

அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல், மூச்சு வாங்குது. டால்க் போட்டா காய்ச்சல் வரும்தான், வலியும் இருக்கும், ஆனா ஆக்சிஜன் இறங்கிட்டே போறப்பவும் "நார்மல்தான், காலைல டாக்டர் வருவார்"னா என்ன அர்த்தம்? காலைல ரெண்டு நுரையீரலும் எக்ஸ்ரேல வெள்ளையா இருக்கு, ஐசியூ, வெண்டிலேட்டர்.

வேற நுரையீரல் டாக்டர் சொல்லித்தான் தெரியும், டால்க்ங்கிறது மெக்னீசியம் சிலிகேட், ஒரு கனிமம், துகள் ரொம்பப் பொடியா இருந்தா ரத்தத்துல கலந்து நல்லா இருக்குற நுரையீரலையும் வீங்க வெச்சிடுமாம். பொடித்துகளை நீக்கின டால்க்னு தனியா இருக்கு, 2007ல வெளியான ஐரோப்பிய ஆய்வுல அதைப் போட்ட 558 பேர்ல ஒருத்தருக்குக் கூட இந்த மாதிரி மூச்சுத்திணறல் நோய் வரலையாம்!

அப்போ எங்கப்பாவுக்குப் போட்டது எது? டாக்டரைக் கேட்டா ஃபார்மசிய கேளுங்கங்கறார், ஃபார்மசி பில்லிங்க காட்டுது, பில்லிங்ல "கையெழுத்து போட்டிருக்கீங்களே மேடம்". அந்த பேப்பர்ல டால்க்ங்கிற வார்த்தையே இல்லைங்க. மூணு லட்சம் வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு பாக்கெட்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. ஐசியூ பில் அது தனி. அப்பா இப்பவும் வீட்ல ஆக்சிஜன்லதான்.

என்ன செய்யணும்னு வரிசையா எழுதலாம்னு உக்காந்தேன், முடியல, இது மட்டும். பொடித்துகள் நீக்கின டால்க்கான்னு முன்னாடியே கேளுங்க, எத்தனை கிராம்னும் கேளுங்க, 5 கிராமுக்கு மேல போடக்கூடாதாம். டால்க் இல்லாம வீட்லயே நீரை வடிக்கிற ட்யூபும் இருக்கு, அதையும் கேளுங்க. போட்டப்புறம் ஆக்சிஜன் இறங்கினா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, கத்துங்க. டிஸ்சார்ஜ் சம்மரில டால்க் போட்டதை கண்டிப்பா எழுத வைங்க, வருஷங்கள் கழிச்சும் பெட் ஸ்கேன்ல (கேன்சர் உடம்புல எங்க இருக்குன்னு தேடுற ஸ்கேன்) அந்த இடம் கேன்சர் மாதிரியே ஒளிருமாம். எங்களுக்கு "நீர் எடுக்கப்பட்டது"ன்னு மட்டும் எழுதிக் குடுத்திருக்காங்க, நாளைக்கு மறுபடி போறேன் அதை மாத்தி வாங்க.