போலந்து, உக்ரைன் பூர்வீகம்: தேடலை எங்கே தொடங்குவது நல்லது?

சிகாகோவிலோ வின்னிபெக்கிலோ பிறந்த ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் பூர்வீகத்தைத் தேட உட்காருகிறார். 'நாம் போலந்துக்காரர்கள்' என்றோ 'உக்ரைன்காரர்கள்' என்றோ கேட்டு வளர்ந்தவர். பழைய காகிதங்களில் இருப்பதோ 'ஆஸ்திரியா' அல்லது 'ரஷ்யா'. காரணம் எளிது. 1795 முதல் 1918 வரை போலந்து சுதந்திர நாடாக இல்லை. ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா (அன்றைய ஜெர்மானிய அரசு) மூன்றும் அதைப் பங்கு போட்டிருந்தன. இன்று மேற்கு உக்ரைனில் உள்ள லிவிவ் நகரைச் சுற்றிய கலீசியா ஆஸ்திரியாவிடம் இருந்தது. இன்றைய உக்ரைனின் பெரும்பகுதி ரஷ்யாவிடம் இருந்தது. அதனால் எந்த நாடு என்பதைவிட எந்த ஊர், எந்தக் கோவில் (கிறிஸ்தவத் தேவாலயம்) என்பதுதான் முக்கியம். தேடும் வழிகளில் எது அந்த ஊர்ப்பெயரைச் சீக்கிரம் கையில் தரும் என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் போட்டி, குடியேறிய நாட்டு ஆவணங்களுக்கும் பூர்வீக நாட்டு ஆவணங்களுக்கும். பலர் நேராக போலந்தின் இலவசப் பெயர்த் தேடல் தளமான கெனெதெகாவுக்குப் போய் 'கோவால்ஸ்கி' என்று போடுகிறார்கள். மாகாணத்துக்கு மாகாணம் கோவால்ஸ்கிகள் வந்து நிற்பார்கள். ஊர் தெரியாமல் அங்கே போவது வீண் உழைப்பு. என் ஓட்டு குடியேறிய நாட்டுக்கே.

அமெரிக்கா போனவர்கள் என்றால், 1907-க்குப் பிந்தைய கப்பல் பயணிகள் பட்டியலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரே ஆளைப் பற்றிய வரி இரண்டு பக்கங்களுக்கு நீளும். கடைசியாக வசித்த இடம், சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும், போய்ச் சேரப்போகும் உறவினரின் முகவரி, பிறந்த ஊர் எல்லாம் அதில் வரும். பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் விஷயம் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது. 'மைத்துனன், பிட்ஸ்பர்க்' என்று இருந்தால் அந்த மைத்துனனையும் தேடுங்கள். அவருடைய காகிதத்தில் ஊர்ப்பெயர் தெளிவாக இருக்கலாம்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை இன்னும் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. பட்டியலை எழுதியவர்கள் புறப்பட்ட துறைமுகத்தில் இருந்த கப்பல் கம்பெனி எழுத்தர்கள். ஸ்லாவிய ஊர்ப்பெயர்கள் ஜெர்மன் எழுத்தரின் காதில் விழுந்தபடி பதிவாவது சகஜம். ஆகவே எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

1906 செப்டம்பர் 27-க்குப் பிறகு தாக்கலான அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பங்களும் இதே அளவு நம்பத்தக்கவை. அன்றிலிருந்துதான் நாடு முழுக்க ஒரே படிவம் வந்தது. கனடா பக்கம் நிலைமை கொஞ்சம் கஷ்டம். இவான் பிலிபிவும் வசில் எலெனியாக்கும் 1891-இல் கலீசியாவின் நெபிலிவ் கிராமத்திலிருந்து வந்து வழிகாட்ட, பின்னால் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கனடியப் பட்டியல்களில் பெரும்பாலும் 'கலீசியா' என்பதோடு சரி. அங்கே புல்வெளி மாகாணங்களின் கோவில் பதிவேடுகள், கல்லறைக் கல்வெட்டுகள், 160 ஏக்கர் நிலத்துக்குக் கொடுத்த விண்ணப்பக் கோப்புகள் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

இவற்றை இணையத்தில் பார்க்க இரண்டு வம்சாவளித் தளங்கள் உண்டு: அன்செஸ்ட்ரியா, ஃபேமிலிசர்ச்சா? ஃபேமிலிசர்ச் இலவசம், அதோடு பூர்வீக நாட்டுப் பதிவேடுகளின் படங்களும் அதில் ஏராளம். அன்செஸ்ட்ரிக்குச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தின் 1850 முதல் 1934 வரையிலான புறப்பாட்டுப் பட்டியல்கள் அதில் இருக்கின்றன. தாத்தா ஹாம்பர்க் வழியாகப் போனவர் என்று தெரிந்தால் ஒரு மாதச் சந்தா கட்டலாம். இன்னொரு ஜெர்மன் துறைமுகமான பிரேமன் வழியாகப் போயிருந்தால் அந்த வசதி இல்லை. அங்குள்ள பழைய பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

சரி, ஊர் கிடைத்துவிட்டது. அடுத்தது போலந்து ஆவணக் காப்பகமா, உக்ரைன் ஆவணக் காப்பகமா? ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே போனால் போதும் என்று தோன்றும். கிழக்குக் கலீசியாவில் அது பலிக்காது. ஒரே கிராமத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தின் ஞானஸ்நானப் பதிவேடு இன்று வார்சாவில், பழைய ஆவணங்களுக்கான மத்திய காப்பகத்தில் இருக்கக்கூடும். கிரேக்கக் கத்தோலிக்கக் (போப்பை ஏற்று, கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும்) குடும்பத்தின் பதிவேடு லிவிவ் நகரின் மத்திய அரசு வரலாற்றுக் காப்பகத்தில், 201-ஆம் தொகுப்பில் இருக்கக்கூடும். எல்லை மாறியபோது புத்தகங்களும் பிரிந்து போயின. கலப்புத் திருமணம் என்றால் இன்னும் சிக்கல்: மகன்கள் அப்பாவின் கோவிலிலும் மகள்கள் அம்மாவின் கோவிலிலும் ஞானஸ்நானம் பெறுவது அங்கே வழக்கம். அண்ணன் ஒரு நாட்டின் காப்பகத்திலும் தங்கை இன்னொரு நாட்டின் காப்பகத்திலும் கிடைப்பது இதனால்தான். ஒன்றில் தங்கை பெயர் இல்லையே என்று தேடலை விட்டுவிடாதீர்கள்.

படிக்க எது எளிது என்றால், சந்தேகமே இல்லாமல் ஆஸ்திரியப் பதிவேடுகள்தான். 1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் கட்டங்கள் போட்ட படிவத்தைக் கட்டாயமாக்கினார். லத்தீன் தெரியாதவர்கூட ஒரு மாலையில் பழகிக்கொள்ளலாம்: தேதி, வீட்டு எண், குழந்தையின் பெயர், மதம், பெற்றோர், ஞானப்பெற்றோர். பிந்தைய பதிவுகளில் தாத்தா பாட்டி பெயரும் வரும். இதில் நான் பெரிதாக மதிப்பது வீட்டு எண்ணைத்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர் இருக்கும்போது, 47-ஆம் எண் வீட்டில் பிறந்த குழந்தைகளையெல்லாம் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போனால் குடும்பம் தானாகப் பிரிந்து தெரியும்.

ரஷ்யாவின் பிடியில் இருந்த போலந்தில் பதிவுகள் பத்தி பத்தியாக, கதை சொல்வதுபோல் இருக்கும். 1868 முதல் அவை ரஷ்ய மொழியில், ஜூலியன் (பழைய நாட்காட்டி), கிரெகோரியன் (இன்றைய நாட்காட்டி) தேதிகள் இரண்டும் போட்டு எழுதப்பட்டன. பழகக் கொஞ்ச காலமாகும். ஆனால் பெற்றோரின் வயது, தொழில், சாட்சிகள் என்று தகவல் அள்ளிக் கொடுக்கும். பிரஷ்யப் பகுதிக்கு 1874 முதல் அரசுப் பதிவு உண்டு. பொஸ்னான் திட்டம் என்ற இணையத் தளத்தின் 19-ஆம் நூற்றாண்டுத் திருமண அட்டவணையும் இலவசம்.

போலந்தில் தேட இரண்டு தளங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கெனெதெகாவில் தன்னார்வலர்கள் தொகுத்த பெயர் அட்டவணை இருக்கிறது. அரசுக் காப்பகங்களின் 'ஷுகாய் வ ஆர்ஹிவாஹ்' தளத்தில் புத்தகத்தின் படங்கள் இருக்கின்றன. அட்டவணையில் பெயர் இல்லை என்றால் அந்த ஊர்ப் புத்தகத்தை இன்னும் யாரும் தொகுக்கவில்லை என்றுகூட இருக்கலாம். அப்போது படங்களைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியதுதான்.

உக்ரைனில், போர் நடக்கும் இந்தக் காலத்திலும் காப்பக ஊழியர்கள் ஸ்கேன் செய்யும் வேலையை விடவில்லை. அவர்களுக்கு இந்த உலகம் நன்றி சொல்ல வேண்டும். கடிதம் எழுதுவதென்றால் தொகுப்பு, பட்டியல், கோப்பு என்ற மூன்று எண்களையும் கண்டுபிடித்து எழுதுங்கள். 'என் தாத்தாவைத் தேடித் தாருங்கள்' என்று மட்டும் எழுதி அவர்களின் நேரத்தை எடுக்காதீர்கள்.

டிஎன்ஏ சோதனையை நான் கடைசியில்தான் வைப்பேன். அது உறவினரைக் காட்டும், ஊரைக் காட்டாது. உங்களோடு பொருந்துபவர்களில் பலர் உங்களைப் போலவே அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்து ஊர்ப்பெயர் தெரியாமல் தவிப்பவர்களாக இருப்பார்கள். ஐரோப்பியர்கள் அதிகம் இருக்கும் மைஹெரிடேஜ் என்ற டிஎன்ஏ சோதனைத் தளம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. தத்துக் கொடுக்கப்பட்டவர்கள், தகப்பன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாதவர்கள் ஆகியோருக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் சோதனையிலிருந்தே தொடங்கலாம்.